மீட்டியாரில் வால்பாறை: இடுப்பு தப்பித்தது, பர்ஸ் தப்பவில்லை

நேற்று இரவுதான் வால்பாறையிலிருந்து கோவை திரும்பினோம். காலையில் சுவரைப் பிடிக்காமல் எழுந்து நடக்கிறேன். அறுபதைத் தாண்டியவனுக்கு இது பெரிய செய்தி.

பழைய புல்லட்டைக் கொடுத்துவிட்டு ராயல் என்ஃபீல்டின் மீட்டியார் 350 பைக்கை எடுத்ததும் நண்பர்கள் துக்கம் விசாரிக்காத குறைதான். “என்னங்கண்ணா, சவுண்டே இல்லீங்களே!” சவுண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? புல்லட்டைக் கிளப்ப, இன்ஜின் அழுத்தத்தைக் குறைக்கும் டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து, மின்னோட்டம் காட்டும் அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் கிக்கரை ஓங்கி மிதிக்க வேண்டும். முழங்கால் தேய்ந்த பிறகும் அதைச் செய்வது வெறும் வீம்பு. இதில் பட்டன்தான். இன்ஜினுக்குள் அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட் இருப்பதால் 80 கி.மீ. வேகத்தில் போனாலும் கை மரத்துப்போகவில்லை.

கால்தான் இன்னும் பழகவில்லை. பழைய வண்டியில் கியர் வலது பக்கம். முதல் கியருக்கு மேலே தூக்கி, மற்றதுக்கெல்லாம் கீழே மிதிக்கணும். இதில் வலது காலால் மிதித்தால் பிரேக்! பொள்ளாச்சி வரை மனசுக்குள் “இடது, இடது” என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

ஆழியாரில் மீன் வறுவல். மிளகாய் மசாலா தடவி, கல்லில் கருகாமல் முறுவலாக எடுத்துக் கொடுத்தார் ஒரு அம்மா. வீட்டம்மா ஒன்றே போதும் என்றவள், அப்புறம் என் தட்டிலும் கை வைத்தாள். அந்தக் காசுக்கு வருத்தமே இல்லை.

செக்போஸ்ட் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். மேலிருந்து அரசு பஸ் இறங்கினால் வளைவு முழுசும் அதுக்குத்தான். நாம் ஏற்றத்தில் நின்று வழிவிட வேண்டும். பின்னால் ஆளோடு 191 கிலோ வண்டியைத் தாங்குவதில்தான் எனக்குப் பயமே இருந்தது. சீட் உயரம் 765 மி.மீ. என்பதால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தது. பஸ் போனதும் முதல் கியரில் உறுமாமல் ஏறியது. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில், கைப்பிடிச் சுவர் ஓரம் வரையாடுகள்; கீழே ஆழியார் அணை. முன்பெல்லாம் புல்லட்டில் இங்கே வந்ததும் முதலில் இன்ஜினைத்தான் குனிந்து பார்ப்பேன்.

குறையும் இருக்கிறது. இது சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் குரூசர் வகை வண்டி; குரூசர் என்றாலே ஃபுட்ரெஸ்ட் முன்னால் தள்ளி இருக்கும். பள்ளம் வந்தால் சட்டென்று எழும்பி நிற்க முடியாது, அடி நேராக முதுகுத்தண்டுக்குப் போகும். முதுகு வலிக்காரர்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சரி, லாட்ஜ். போனில் 1,200 ரூபாய் என்றவர், நேரில் “சனிக்கிழமை ரேட் சார்” என்று 2,000 கேட்டார். வெந்நீர் காலையில் ஒரு மணி நேரம் மட்டும், அதுவும் வெதுவெதுப்பு. “ஏனுங்க, இந்தக் காசுக்கு எங்க வீட்டு கெய்சரையே தூக்கிட்டு வந்திருப்பேன்” என்று வீட்டம்மா போட்ட சண்டையில் 200 குறைந்தது.

பெட்ரோல் ஏழு லிட்டருக்குள் முடிந்துவிட்டது. டேங்க் 15 லிட்டர் என்பதால் மேலே பங்க் தேட வேண்டியதில்லை. மதியத்துக்கு மேல் மஞ்சு (பனிமூட்டம்) இறங்கும், காலையிலேயே ஏறிவிடுங்கள். ரூம் வாடகையை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்காமல் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள்.