செரிக்கொட்டையும் பனங்கொட்டையும்

ஒக்டோபர் 4, பரந்தன்

நேற்றிரவு தம்பி ‘1917’ படம் போட்டான். 2019இல் சாம் மெண்டிஸ் எடுத்த முதலாம் உலகப் போர்ப் படம். பிளேக், ஸ்கோஃபீல்ட் என்ற இரண்டு ஆங்கிலேயச் சிப்பாய்கள் கையில் ஒரு கடிதம். விடியமுன் அது போய்ச் சேராவிட்டால் 1,600 பேர் ஜெர்மன்காரர் விரித்த பொறிக்குள் விழுவார்கள். அவர்களில் ஒருவன் பிளேக்கின் அண்ணன். நீளமான காட்சிகளை ஒட்டுத் தெரியாமல் சேர்த்திருப்பதால், கமரா எங்கேயும் நிற்காமல் அவர்கள் பின்னால் போவதுபோலவே இருக்கிறது. இருவரும் வெறும் பங்கருக்குள் இறங்கியதும் அம்மா எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார். உள்ளே ஒரு எலி கம்பியைத் தட்ட, எல்லாம் வெடித்து மூடுகிறது.

ஒக்டோபர் 5

அம்மா திரும்பி வந்தது பால் காட்சிக்கு. கைவிட்ட தோட்டத்தில் ஒரு வாளி பால். ஸ்கோஃபீல்ட் தண்ணீர்ப் போத்தலில் நிரப்பிக்கொள்கிறான். எரிகிற ஊரில், நிலவறையில் ஒரு பெண், யாரோ பெற்ற குழந்தையோடு ஒளிந்திருக்கிறாள். அந்தப் பாலை அவளிடம் கொடுத்துவிட்டு ஓடுகிறான்.

“பிள்ளை குடிச்சுதோ?” என்று அம்மா கேட்டார். காட்டவில்லை என்றேன்.

2009இல், எங்கள் போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில் தம்பிக்கு எட்டு மாதம். பால்மா எங்கேயும் இல்லை. அம்மா கஞ்சித் தண்ணியை வடித்துப் பருக்கினார். முந்தாநாள் இரவு அவன் பக்கத்தில் இருந்துதான் படம் பார்த்தான். அம்மா அவன் தலையைத் தடவியபடியே இருந்தார்.

ஒக்டோபர் 8

யாழ்ப்பாணம் போகும் பஸ். முகமாலைப் பக்கம் இன்னும் தலையில்லாத பனைகள் நிற்கின்றன.

படத்தில் ஜெர்மன்காரர் பின்வாங்கும்போது செரி மரங்களை வெட்டிச் சாய்த்திருப்பார்கள். 1917இல் உண்மையிலேயே அப்படிச் செய்தார்கள், கிணறுகளையும் கெடுத்தார்கள். கொட்டைகள் உக்கி முளைத்தால் முன்னையைவிடக் கூட மரம் வரும் என்கிறான் பிளேக். கொஞ்ச நேரத்தில், நெருப்பிலிருந்து தான் இழுத்துக் காப்பாற்றிய விமானியே அவனைக் குத்திவிடுகிறான். எனக்குப் படத்தின் உயிர் அந்தச் செரிப் பேச்சில்தான் இருக்கிறது.

பனைக்கு ஒரே குருத்து. ஷெல் அதைக் கொண்டுபோனால் பக்கத்தில் கிளைக்காது, நின்றபடியே பட்டுப்போகும். அப்புறம், ஷெல்லை மட்டும் குறை சொல்லக் கூடாது. எங்கள் பங்கரை மூடியதும் பனங்குற்றிதான்.

ஒக்டோபர் 12

இரவு நல்ல மழை. ஒரு சாக்குப் பனங்கொட்டையோடு வேலியோரம் போனோம். காய்க்கப் பன்னிரண்டு, பதினைந்து வருசம் ஆகும் என்றேன். தம்பி தன் வயதைக் கூட்டிப் பார்த்தான்.

அம்மா திண்ணையிலிருந்து கூப்பிட்டார்: “கிட்டக் கிட்டப் போடாதேங்கோ பிள்ளையள், வளர இடம் வேணும்.”