சோவும் உடம்பு

சியோல் ஜேகி-தோங் மருந்துச் சந்தைப் பக்கம் மதியச் சாப்பாடு. வெளியே ஆகஸ்ட் வெயில். உள்ளே ஏசிக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கூட வேலை பார்க்கும் கொரிய அக்கா கொதிக்கக் கொதிக்க சம்கேதாங் குடிக்கிறார். ஐஸ் மிதக்கும் என் நூடுல்ஸை நீட்டினேன். கையை ஆட்டிவிட்டார்.

"நான் சோவும் உடம்புப்பா. வயிறு தாங்காது."

அவர் கிண்ணத்தில் முழுசாக ஒரு இளங்கோழி. வயிற்றுக்குள் அரிசி, பூண்டு, ஜின்செங் வேர்.

கொரிய வைத்தியர் லீ ஜே-மா 1894-ல் எழுதி வைத்த கணக்கு இது. தேயாங், சோயாங், தேவும், சோவும் என நாலு உடம்பு. நோய் ஒன்றானாலும் ஆளைப் பார்த்துத்தான் மருந்து. சோவுமுக்குச் செரிமானம் மந்தம், கைகால் சில்லிப்பு, ஜின்செங் அவர்களுக்குத்தான். சூட்டு உடம்பான சோயாங்குக்கு அது ஆகாதாம்.

தேவும் ஆட்களுக்குச் சதை போடும். அவர்களிடம் சர்க்கரை நோய் அதிகம் என்று கொரிய ஆய்வுகள் உண்டு. எனக்கு இங்கேதான் இடிக்கிறது. ஆளைப் பிரிக்கும்போதே பருமனையும் பார்க்கிறார்களே!

ஆனாலும் குளிருதா, வேர்க்குதா, பசிக்குதா என்று உட்கார வைத்துக் கேட்கிற வைத்தியம் பிடித்திருக்கிறது.

"தைராய்டு, ரத்தசோகை டெஸ்ட் எடுத்தீங்களா அக்கா?" என்றேன்.

"உப்பை இப்படித் தள்ளு" என்றார்.