பெயர் மட்டும் போதாது

பெர்லினில் வரலாற்று ஆய்வாளர்களுக்காக ஸ்டாசி கோப்புகளை மொழிபெயர்ப்பது என் வேலை. கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசி விட்டுப்போன காகிதங்களை வரிசையாக அடுக்கினால் நூறு கிலோமீட்டரைத் தாண்டும். 1989-இல் அங்கே முழுநேர ஊழியர்களே சுமார் 91,000 பேர். அது போக, ரகசியமாகத் துப்பு கொடுத்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

வேலையைச் சொன்னதுமே பலரும் கேட்பது, "அத்தனை பேர் பெயரையும் வெளியே போட்டுவிட வேண்டியதுதானே?" கோபம் நியாயமானது. எனக்கும் வரும். ஒரு பெண்ணுக்கு உடம்புக்கு என்ன, கணவனோடு எதற்குச் சண்டை, யாருக்குக் கடிதம் போட்டாள் என்பதையெல்லாம் அவள் வீட்டில் சாப்பிட்டுப் போன சிநேகிதி ஒப்பித்திருப்பாள். அதைப் படித்துவிட்டு அன்றைக்கு வேறு கோப்பைத் தொட மனம் வராது.

ஆனாலும் மொத்தப் பட்டியலை நான் எதிர்க்கிறேன். ஸ்டாசி உண்மைப் பெயரை ஒரு அட்டையில் வைத்தது. அந்தப் பெயருக்குரிய விவகாரம் இன்னொரு அட்டையில். இரண்டையும் சேர்ப்பது ஒரு பதிவெண். துப்பு கொடுத்தவருக்கும் அந்த எண் உண்டு, வேவு பார்க்கப்பட்டவருக்கும் உண்டு, வலைவீசிப் பார்த்தும் சிக்காதவருக்கும் உண்டு. ஒப்புதல் கடிதம் இருக்கிறதா, மிரட்டிப் பணியவைத்தார்களா, பணம் கைமாறியதா என்பதெல்லாம் கோப்பைப் புரட்டினால்தான் தெரியும். அப்புறம், பல அறிக்கைகளை எழுதியவர் துப்பு சொன்னவரே அல்ல. கேட்டுக்கொண்டிருந்த அதிகாரி, தன் பாணியில்.

செக்கோஸ்லோவாக்கியாவில் 1992-இல் பீட்டர் சிபுல்கா என்ற, கம்யூனிஸ்ட் ஆட்சியின் முன்னாள் எதிர்ப்பாளர், ரகசியப் போலீஸுக்கு உதவியவர்கள் என்று பெரிய பட்டியல் ஒன்றை அச்சிட்டார். நாடுகடந்து வாழ்ந்த பதிப்பாளர் ஸ்தேனா சலிவரோவாவின் பெயரும் அதில் வந்தது. தடைசெய்யப்பட்ட செக் எழுத்துகளைக் கனடாவிலிருந்து அச்சிட்டவர் அவர். நீதிமன்றம் போய்த்தான் பெயரைத் துடைக்க வேண்டியிருந்தது. போலந்தில் 2005-இல் கசிந்த பட்டியலிலும் அதே கதை: உளவாளியும், உளவாளியாக்க நினைத்துக் குறித்துவைக்கப்பட்டவரும் அடுத்தடுத்த வரியில்.

ஜெர்மனி போட்ட சட்டம் எனக்குச் சரியாகப் படுகிறது. 1992 ஜனவரியிலிருந்து, வேவு பார்க்கப்பட்டவர் தன் கோப்பைத் தானே படிக்கலாம். துப்பு கொடுத்தவரின் புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று உறுதியாகத் தெரிந்தால், உண்மைப் பெயரைக் கேட்டு வாங்கலாம். மற்றவர்களின் அந்தரங்கம் கறுப்பு மையால் மறைக்கப்படும். எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்த வேரா வோலன்பெர்கர், 'டொனால்ட்' என்ற பெயரில் தன்னைப் பற்றி அறிக்கை கொடுத்துவந்தது சொந்தக் கணவர்தான் என்று அறிந்தார். நாடே அதைப் பேசியது. பேசியதில் தவறே இல்லை. அங்கே பெயரோடு செயலும் சேர்ந்தே வெளியே வந்தது.

பட்டியல் கேட்பவர்கள் கண்ணில் படாத இன்னொரு கூட்டமும் கோப்புகளில் இருக்கிறது: மாட்டேன் என்று சொன்னவர்கள். "என்னை உளவு பார்க்கச் சொல்கிறார்கள்" என்று சிலர் நண்பர்களிடமே போட்டு உடைத்துவிடுவார்கள். ரகசியம் போனபின் ஆளால் பயனில்லை என்று ஸ்டாசி பெரும்பாலும் கைகழுவிவிடும். கோப்பு இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்துவிடும். ஆய்வாளர்கள் யாரும் கேட்காவிட்டாலும் அந்தப் பக்கங்களையும் மொழிபெயர்த்துச் சேர்த்தே அனுப்புகிறேன்.