பிள்ளை சொன்னதை ஒரு தரம் மட்டும் கேளுங்கள்

கொழும்பில் தமிழ்மொழி மூலப் பாடசாலைகளில் ஆலோசனை வழிகாட்டல் பொறுப்பில் இருக்கிறவர்கள் நாங்கள். துஷ்பிரயோக முறைப்பாடு ஒன்று பாடசாலைக்குள்ளேயே, முதல் நாளிலேயே பழுதாகிப் போவதைக் கண்டிருக்கிறோம். முதலில் வகுப்பாசிரியர் கேட்பார், பிறகு பகுதித் தலைவர், பிரதி அதிபர், கடைசியில் அதிபர். நாலாவது தரம் கேட்கும்போது பிள்ளை, "ஒன்றுமில்லை டீச்சர்" என்று சொல்லிவிடும். நாலு பேரிடம் நாலு விதமாகச் சொன்னது நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் கையில் ஆயுதமாகிவிடும்.

ஆகவே பிள்ளை யாரிடம் வாய் திறந்ததோ அவர் மட்டும் கேட்கட்டும். "என்ன நடந்தது?", "பிறகு?" இவ்வளவும் போதும். "மாமாவா செய்தார்?" என்று நாங்களே எடுத்துக்கொடுத்தால் பிள்ளை சொன்னதன் பெறுமதி போய்விடும். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணவும் கூடாது. "உன்னில் ஒரு பிழையும் இல்லை, உதவி செய்யக்கூடியவர்களுக்கு மட்டும் சொல்லுவேன்" என்று உண்மையைச் சொல்லுங்கள்.

பிள்ளை எழும்பிப் போனவுடனே எழுதுங்கள். உடலுறுப்புக்கு அது என்ன பெயர் சொன்னதோ அதையே எழுத வேண்டும், நாகரிகப்படுத்தக் கூடாது. திகதி, நேரம், இடம், கையெழுத்து அவசியம். காயம் தெரிந்தால் எங்கே, எவ்வளவு பெரிது, என்ன வடிவம் என்று குறியுங்கள். முழங்காலிலும் நெற்றியிலும் விளையாட்டிலே அடிபடும். காதுமடல், மேற்கையின் உட்புறம், முதுகு, உள்தொடை என்றால் யோசிக்க வேண்டும். பிரம்படி பெரும்பாலும் இரண்டு சமாந்தரக் கோடுகளாகப் பதியும். கண்டலின் நிறத்தைப் பார்த்து "இரண்டு நாள் பழையது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நிறத்தை நம்பி நாள் கணிக்க முடியாது.

அடுத்தது அதிபருக்குச் சொல்லுங்கள், அன்றைக்கே 1929க்குக் கோல் எடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இந்த இலக்கத்தில் தமிழிலேயே பேசலாம். பிள்ளையின் பெயர், வயது, வீட்டு விலாசம், இப்போது பாதுகாப்பாக இருக்கிறதா என்பதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு எடுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆபத்து உடனடியானது என்றால் பொலிஸின் 119.

வீட்டுக்கு முதலில் கோல் எடுப்பதுதான் நல்ல மனதோடு செய்யப்படும் பெரிய பிழை. செய்தவரே அந்த வீட்டில் இருக்கலாம். தாய் மத்திய கிழக்கில் இருக்க, உறவினரோடு வளரும் பிள்ளையென்றால் இன்னும் கவனம்: அடுத்த நாள் வகுப்பில் கதிரை வெறுமையாகக் கிடக்கும், "ஊருக்குப் போய்விட்டது" என்பார்கள்.

பாலியல் வன்செயல் அண்மையில் நடந்திருந்தால் மணித்தியாலக் கணக்குத்தான். கர்ப்பத்தையும் எச்.ஐ.வி. தொற்றையும் தடுக்கும் மருந்துகளை 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு முந்தியோ அவ்வளவு நல்லது, தொடங்க வேண்டும். குளிக்கவோ உடையைக் கழுவவோ விடாதீர்கள். கழற்றிய உடையைக் கடதாசிப் பையில் போடுங்கள், பொலித்தீனில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு நேராகவே கொண்டுபோகலாம், பொலிஸுக்கு அவர்களே அறிவிப்பார்கள்.

வாக்குமூலம் கொழும்பில் பெரும்பாலும் சிங்களத்தில்தான் எழுதப்படுகிறது. தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தரைக் கேளுங்கள். கையெழுத்துக்கு முன் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்காரரையும் "மாமா" என்றுதான் சொல்லும், எழுதுகிறவர் அதைத் தாயின் சகோதரன் என்று எடுத்துவிடலாம். பிள்ளையின் ஆரம்ப நேர்காணலை வீடியோவில் பதிந்து சாட்சியமாக ஏற்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த வசதி கிடைக்குமா என்று கேட்க மறக்காதீர்கள்.

புறக்கணிப்பு வேறு மாதிரி. அடி இல்லை, அழுகை இல்லை. வரவு இடாப்பில் திங்கட்கிழமைகள் காலி, முதல் பாடத்திலேயே தூக்கம், சாப்பாட்டுப் பெட்டி கிடையாது. தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவில், 1995இலிருந்து, வேண்டுமென்றே புறக்கணிப்பதும் குற்றம்தான். ஆனால் வறுமையால் வந்த நிலைமைக்குப் பொலிஸ் மருந்தல்ல. பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைப் பிடியுங்கள். பாடசாலை எங்கே என்பதல்ல, பிள்ளை எங்கே வசிக்கிறது என்பதே கணக்கு: கொட்டாஞ்சேனை என்றால் கொழும்பு பிரதேச செயலகம், வெள்ளவத்தை என்றால் திம்பிரிகஸ்யாய.

சந்தேகம் ஓர் ஆசிரியர் மேல் என்றால், இடமாற்றத்தோடு முடித்துவிடலாம் என்று யாராவது சொல்லுவார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். அவர் போகிற பாடசாலையிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒழுக்காற்று விசாரணை நடப்பது 1929க்குச் சொல்லாமல் விடக் காரணமாகாது.

பிள்ளை திரும்பி வரும் நாளில் அதே வகுப்பு, அதே கதிரை இருக்கட்டும். பெயருக்குக் கெட்டது என்று விடுகைப் பத்திரத்தை நீட்டுகிறவர்களுக்கு நாங்கள் மறுப்புச் சொல்லியே ஆக வேண்டும். கொப்பிகளை ஒரு சிநேகிதப் பிள்ளையைக் கொண்டு எழுதி நிரப்பி வையுங்கள். வழக்குத் தவணைக்குப் போகும் நாட்களில் ஏன் வரவில்லை என்று வகுப்புக்கு முன்னால் எந்த ஆசிரியரும் கேட்காதபடி அதிபர் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.