அசையாதவருக்கும் வலிக்கும்: அவசரப் பிரிவு நாட்குறிப்பு

2024 ஆகஸ்ட் 5, திங்கள்

குளியலறையில் வழுக்கி விழுந்த 78 வயதுப் பாட்டி ஒருவரை இன்று காலை 108 ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள். வலது கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்ததிலேயே இடுப்பு முறிவு என்பது ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. விழுந்தது நேற்று மாலை. முதலில் சென்ற இடத்தில், எலும்பு மருத்துவர் காலையில்தான் வருவார் என்று சொல்லி, ஒரு பாராசிட்டமால் மாத்திரையோடு இரவு முழுவதும் படுக்க வைத்திருக்கிறார்கள். "அம்மா சத்தமே போடல டாக்டர், அதனால வலி கம்மின்னு நெனச்சோம்" என்றார் மகன். போர்வையை விலக்க நான் கை நீட்டியதுமே பாட்டி கட்டில் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டதை அவரும் அப்போதுதான் கவனித்தார்.

எடை 45 கிலோவுக்கு மேல் இராது என்பதால் பாராசிட்டமாலைக் கிலோவுக்கு 15 மி.கி. கணக்கில் சிரை வழியே ஏற்றினோம். அதோடு மார்ஃபினை 1 மி.கி. கொடுத்து, சில நிமிடம் பொறுத்து, மூச்சை எண்ணிப் பார்த்து, மறுபடி 1 மி.கி. என்று கூட்டினோம். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் இந்த வயதினருக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படக்கூடும் என்பதால் அதைத் தொடவில்லை. பிறகு அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி, தொடையின் முன்பக்கத் திசுவுறைக்கு அடியில் நீர்த்த புபிவகைனைச் செலுத்தி நரம்புகளை மரக்கச் செய்தேன். அரைமணி நேரத்தில், எக்ஸ்ரே மேசைக்கு மாற்றியபோது பாட்டி கம்பியைத் தேடவில்லை. முதியவர்களுக்கு மார்ஃபின் கொடுத்தால் புத்தி குழம்பிவிடும் என்று அஞ்சுகிறவர்கள், தணிக்கப்படாத வலியும் அதே குழப்பத்தை உண்டாக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2024 ஆகஸ்ட் 7, புதன்

கபடி ஆட்டத்தில் தோள்பட்டை இறங்கிய 22 வயது இளைஞர். பயிற்சி மருத்துவர் மிடசோலம் எடுத்துவைத்திருந்தார். அது மட்டும் போதும் என்பது அவர் எண்ணம். பார்வைக்கு அந்த எண்ணம் சரிதான்: மிடசோலம் போட்டால் கண் சொருகும், பேச்சு குழறும், எழுந்த பிறகு நடந்தது எதுவும் நினைவிலிராது. ஆனால் அது வலியைத் தணிக்கும் மருந்தன்று. மூளையின் காபா ஏற்பிகளில் வேலை செய்து பதற்றத்தைக் குறைத்துத் தூக்கத்தையும் மறதியையும் தருகிறதே தவிர, வலியைச் சுமந்துவரும் பாதையை அது அடைப்பதில்லை. மறந்துபோகும் வலி, நிகழும் நேரத்தில் முழு வலிதான். உடல் அதற்குத் தக்கபடி நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும், தசைகளை முறுக்கும். முறுக்கிய தசையை எதிர்த்துத் தோளை இழுப்பது மருத்துவருக்கும் கடினம்.

ஆகவே முதலில் மார்ஃபின்போல் வலி தணிக்கும் ஃபென்டனில், கிலோவுக்கு 1 மைக்ரோகிராம், மெதுவாக. அது வேலை தொடங்கியபின் பால்போல் வெளுத்த மயக்க மருந்தான புரோபோஃபால், சிறிது சிறிதாக. சோயா எண்ணெயும் முட்டை லெசித்தினும் கலந்த குழம்பு என்பதால் அதற்கு அந்த நிறம்; அதற்கும் வலி தணிக்கும் தன்மை கிடையாது என்பதைப் பயிற்சி மருத்துவரிடம் சொல்லிவைத்தேன். ஊசிக்கு முன்பே ஆக்சிஜன், சக்‌ஷன், கையால் அழுத்தி மூச்சூட்டும் ஆம்பு பை, வெளிமூச்சின் கரியமில வாயுவைக் காட்டும் கருவி எல்லாம் தலைமாட்டில் இருந்தன. மூச்சு நின்றால் பல்ஸ் ஆக்சிமீட்டர் அதைச் சொல்ல ஒன்றிரண்டு நிமிடங்கள்கூட ஆகலாம். கரியமில வாயுக் கருவியின் அலைக்கோடு உடனே தட்டையாகிவிடும்.

தோள் தன் குழியில் அமர்ந்த பிறகுதான் எனக்கு எப்போதும் கூடுதல் கவலை. அதுவரை வலியே அவரை ஓரளவு விழிப்பாக, மூச்சை வேகமாக வைத்திருந்தது. வலி போனதும் உடலில் இருக்கும் அதே அளவு மருந்து திடீரென்று அதிகமாகிவிடுகிறது. எலும்பு சரியானதும் எல்லோரும் கையைக் கழுவப் போகும் அந்த நேரத்தில்தான் மூச்சு குறையும். இன்றும் மூச்சு நிமிடத்துக்கு 9 ஆக இறங்கியது; தாடையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துப் பெயர் சொல்லி அழைத்ததும் சீரானது.

2024 ஆகஸ்ட் 8, வியாழன்

மார்ஃபின் அலமாரியின் சாவி, பதிவேடு, காலி ஆம்பூல் கணக்கு ஆகியவற்றிலேயே பாதி நாள் போயிற்று. இவற்றைக் குறை சொல்லவில்லை. ஃபென்டனில் திருட்டுப்போகும் பொருள்தான், மிச்சத்தை இன்னொருவர் பார்க்கக் கொட்டிக் கையெழுத்திட வேண்டியதுதான். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் எத்தனையோ மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகள் இன்றியமையாதவை என வகுக்கப்பட்டு, பல உரிமங்களுக்குப் பதிலாக ஒரே ஏற்பு போதும் என்றாகியும், பழைய அச்சம் விலகவில்லை. மார்ஃபின் இல்லாத இடத்தில் வலி நீக்கியான பென்டசோசினும் தூக்கம் தரும் புரோமெதசினும் சேர்த்துப் போடுகிறார்கள். நோயாளி தூங்கிவிடுகிறார், அந்தத் தூக்கத்தில் பெரும்பங்கு புரோமெதசினுடையது. எவ்வளவு வலி தணிந்தது என்று யாரும் கேட்பதில்லை.

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு

கொதிக்கும் ரசம் மேலே கவிழ்ந்த 3 வயதுக் குழந்தை. மார்பும் இடது கையும் வெந்திருந்தன. தாய் பற்பசை தடவாமல் உடனே குழாய்த் தண்ணீரில் காட்டியிருந்தார், அதற்காக அவரை மனமாரப் பாராட்டினேன். கதறுகிற குழந்தைக்குச் சிரை தேடிக் குத்திக்கொண்டிருப்பது வலியின் மேல் வலி. எடை 14 கிலோ, கிலோவுக்கு 1.5 மைக்ரோகிராம் வீதம் 21 மைக்ரோகிராம் ஃபென்டனில், அதாவது ஏறக்குறைய 0.4 மி.லி. அதைப் பாதிப் பாதியாக இரு மூக்குத் துளைகளிலும் நுண்துளியாகத் தெளித்தோம். பத்து நிமிடத்திற்குள் அழுகை விம்மலாகி, அக்குழந்தை சிஸ்டரின் அடையாள அட்டையைப் பிடித்து இழுக்கத் தொடங்கியது. அதன் பின்னரே சிரையில் ஊசி வைத்தோம்.

புண்ணைக் கழுவிக் கட்டுவதற்குக் கீட்டமின். 1962இல் கால்வின் ஸ்டீவன்ஸ் உருவாக்கி, 1964இல் மனிதரில் முதன்முதலாகச் சோதிக்கப்பட்ட இந்த மருந்து, வலி நீக்கம், மயக்கம் இரண்டையும் ஒருங்கே தருகிறது. மூச்சையும் இருமலையும் பெரும்பாலும் கெடுப்பதில்லை. மயக்கவியல் மருத்துவர் எட்டாத ஊர்களில் அறுவை நடப்பதற்கு இதுவே துணை. பெற்றோரிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: குழந்தையின் கண்கள் திறந்தே இருக்கும், கருவிழிகள் பக்கவாட்டில் ஆடும், ஆனால் அது விழிப்பு அன்று. சொல்லாமல் விட்டால், குழந்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வேதனைப்படுவதாக எண்ணித் தாய் துடித்துப்போவார். அரிதாகக் குரல்வளை இறுகிக்கொள்ளும் என்பதால், மூச்சுப்பாதையைக் கையாளத் தெரிந்த ஒருவர் தலைமாட்டை விட்டு நகரக்கூடாது.

2024 ஆகஸ்ட் 14, புதன்

குடல்வால் அழற்சி என ஐயப்பட்ட கல்லூரி மாணவி. "சர்ஜன் பாக்குற வரைக்கும் ஊசி போடாதீங்க டாக்டர், வலி மறைஞ்சிரும்" என்றார் வார்டில் மூத்தவர் ஒருவர். அல்ட்ராசவுண்டும் சி.டி.யும் இல்லாமல் கையால் மட்டுமே வயிற்றைப் பார்த்த காலத்து எச்சரிக்கை அது. கடந்த சில பத்தாண்டுகளில் நடந்த ஆய்வுகள், முன்னதாகவே மார்ஃபின் கொடுப்பதால் நோயறிதல் தவறுவதில்லை என்றே காட்டின. மருந்துக்குப் பிறகு மாணவி வயிற்றைத் தளர்த்திப் படுத்தார், அழுத்திய இடத்தில் மட்டும் முகம் சுளித்தார்; அறுவை மருத்துவருக்கு அதுவே எளிதாயிற்று.

2024 ஆகஸ்ட் 17, சனி

சாலை விபத்தில் மார்பில் அடிபட்ட 40 வயதுக்காரர், வேறோர் ஊரிலிருந்து செயற்கைச் சுவாசக் குழாயோடு வந்தார். ஒன்றரை மணி நேரப் பயணம். "வழியெல்லாம் அசையவே இல்ல, நல்ல மயக்கத்துலதான் இருக்காரு" என்றார் உடன் வந்தவர். பரிந்துரைச் சீட்டைப் படித்தேன்: குழாய் போடும்போது ஒரு முறை எட்டோமிடேட், அதன்பின் இரண்டு முறை வெக்குரோனியம். எட்டோமிடேட்டின் மயக்கம் 5 முதல் 10 நிமிடத்தில் தெளிந்துவிடும். வெக்குரோனியம் தசைகளை முடக்கும் மருந்து, அதில் மயக்கமும் இல்லை, வலி நீக்கமும் இல்லை. நாடித்துடிப்பு 142. இமையைத் திறந்து பார்த்தபோது கண்ணோரத்திலிருந்து காது வரை ஈரம் கோடாக இறங்கியிருந்தது.

காதருகே குனிந்து, "ஐயா, ஆஸ்பத்திரிக்கு வந்துட்டீங்க, வலிக்கு மருந்து போடுறோம்" என்று சொல்லிவிட்டு, ஃபென்டனிலும் பின்னர் மிடசோலமும் கொடுத்து, இரண்டையும் சிரிஞ்ச் பம்பில் தொடர்ந்து ஓடவிட்டோம். கால்மணி நேரத்தில் நாடி 104க்கு வந்தது. இரத்த அழுத்தம் சரிந்திருந்தால் கீட்டமினைத் தேர்ந்திருப்பேன். எந்த மருந்தானாலும், முடக்கப்பட்ட ஒருவரை வெறுமனே விடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

2024 ஆகஸ்ட் 21, புதன்

சாலை விபத்தில் அடிபட்டு வந்தவருக்கு நேற்று குழாயை எடுத்துவிட்டார்கள். இன்று பார்க்கப் போனேன். ஆம்புலன்சில் இருவர் டீசல் போடுவது பற்றிப் பேசியதைக் கேட்டதாகவும், விரலை அசைத்துக் காட்ட முயன்று முடியாமல், செத்துவிட்டோம் போலிருக்கிறது என்று எண்ணியதாகவும் கரகரத்த குரலில் சொன்னார். அவர் மனைவி அருகில் இருந்ததால் அதற்குமேல் கேட்கவில்லை. மனநல மருத்துவரின் ஆலோசனைக்கு எழுதிவைத்தேன்.

எங்கள் அவசரப் பிரிவில் இன்றிலிருந்து, தசை முடக்கும் மருந்து வைக்கும் தட்டில் வலி நீக்கியும் மயக்க மருந்தும் நிரப்பிய சிரிஞ்சுகள் இல்லாவிட்டால் தட்டையே வெளியே எடுப்பதில்லை என்று சிஸ்டர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். நோயாளிகளை அனுப்பும் ஊர்களுக்கான சீட்டையும் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்: முடக்கும் மருந்து எப்போது, வலி நீக்கி எப்போது, மயக்க மருந்து எப்போது என்று மூன்று தனித்தனிக் கட்டங்கள், ஒவ்வொன்றின் அருகிலும் அடுத்த வேளைக்கான நேரம். நாளை அதை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.