கேரம் மன்றத்துக்கு ஒரு சர்வர்

நவம்பர் 2, 2024, சனி

தீபாவளி முடிந்து, சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெரு இன்னும் முழுதாகக் கண் திறக்கவில்லை. திறந்திருந்த கடையில் ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி கிடைத்தது, கூடவே சேமிப்புக்கு ஒரு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. மெமரி கார்டே போதும் என்றார் கடைக்காரர். ஓயாமல் துண்டு துண்டாக எழுதிக்கொண்டிருக்கும் சர்வருக்கு மெமரி கார்டு ரொம்ப நாள் தாங்காது. பேரம் பேசி எஸ்.எஸ்.டி.யையே வாங்கிவந்தேன்.

புது வண்ணாரப்பேட்டையில் எங்கள் கேரம் மன்றத்துக்கென்று ஓர் அரட்டை சர்வர் வைக்கப் போகிறேன். பசங்க, மாஸ்டர், பெற்றோர் எல்லாரும் சேர்ந்தால் அறுபது பேர் இருப்பார்கள். போட்டி அட்டவணை, ரயில் டிக்கெட், பசங்க ஆடுகிற வீடியோ, இவ்வளவுதான் பேச்சு. பழைய குழுவிலிருந்து ஒரு பெண்பிள்ளையின் படத்தை யாரோ வெளியே அனுப்பிவிட்டார்கள். அவள் அப்பா வந்து மாஸ்டரிடம் சத்தம் போட்டுவிட்டுப் போனார். அனுப்பியது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அந்தக் குழுவில் பாதிப்பேர் யாரென்றே ஒருவருக்கும் தெரியாது. சொந்த சர்வர் வந்தாலும் படத்தைச் சேமித்து அனுப்புகிறவனைத் தடுக்க முடியாதுதான். ஆனால் உள்ளே இருப்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதாவது தெரிந்திருக்கும்.

நவம்பர் 3, ஞாயிறு

ஸ்னிக்கெட் என்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்தேன். அடியில் ஓடுவது எக்ஸ்.எம்.பி.பி. 1999-இல் ஜாபர் என்ற பெயரில் வந்து, 2004-இல் இணையத் தரமாக ஏற்கப்பட்ட பழைய அரட்டை நெறிமுறை. வாட்ஸப்பே ஈஜாபர்டி என்ற எக்ஸ்.எம்.பி.பி. சர்வரை எடுத்துத் தனக்கேற்ப மாற்றிக்கொண்டுதான் வளர்ந்தது. மற்ற சர்வர்களோடு பேசும் வாசலை மட்டும் திறந்து வைக்கவில்லை.

காலையில் எல்லாம் நன்றாக ஓடியது. வெளியிலிருந்து மட்டும் யாராலும் தொட முடியவில்லை. ரவுட்டரில் வெளி முகவரி 100.72 என்று தொடங்குவதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. 100.64 முதல் 100.127 வரையுள்ள முகவரிகள் 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை: ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளைச் சேர்த்து வைப்பதற்கு. பெரிய அடுக்குமாடிக்கு ஒரே கதவு எண் கொடுத்த மாதிரி. உள்ளே இருந்து யார் வேண்டுமானாலும் வெளியே போகலாம்; வெளியிலிருந்து வரும் கூரியரை எந்த வீட்டுக்கு அனுப்புவதென்று வாட்ச்மேனுக்குத் தெரியாது. குற்றம் சொல்லவும் முடியாது. ஐ.பி.வி.4 என்ற பழைய முறை இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. ஆசிய பசிபிக் பகுதிக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது.

புது முறையான ஐ.பி.வி.6 இருக்கிறது. ஆனால் மன்றத்தில் சில வீடுகளின் இணைப்பில் அது இல்லை. அதனால் ஒரு டேட்டா சென்டரில் சின்ன மெய்நிகர் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அங்கிருந்து வீட்டுக்கு வயர்கார்டு என்ற மென்பொருளால் மறையாக்கச் சுரங்கம் போட்டேன். 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டதால் வயர்கார்டைத் தனியாக நிறுவக்கூட வேண்டியதில்லை. வாடகை மெஷின் வருகிற தரவுப் பாக்கெட்டை அப்படியே கை மாற்றுகிறது, அவ்வளவுதான். இணைப்பை மறையாக்கும் டி.எல்.எஸ். சாவி இருப்பது வீட்டில், டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால்.

அம்மா கேட்ட ஒரே கேள்வி கரண்ட் பில் பற்றி. ஐந்து வாட் என்று வைத்தால் மாதம் 3.6 யூனிட். இரண்டு மாத பில்லில் ஏழு யூனிட் என்று சொன்னதும் சரி என்றார்.

நவம்பர் 10, ஞாயிறு

மன்றத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு போனாக ஏற்றினோம். "இன்னொரு ஆப்பா? போன்ல இடமே இல்லப்பா" என்று ஓர் அக்கா. அழைப்புச் சுட்டியைத் தட்டினால் கணக்கு தொடங்கிவிடலாம், போன் நம்பர் கேட்காது என்றதும் அவரே முதலில் சேர்ந்தார். பெண்பிள்ளைகளின் நம்பர் குழுவில் இருக்கிற எல்லாருக்கும் தெரிவதுதான் அவர்களுக்கெல்லாம் உறுத்தல். எனக்கு இது தோன்றவே இல்லை. நான் முகவரி, போர்ட் என்று விளக்கத் தயாராகப் போயிருந்தேன்.

சில போன்களில் பேட்டரி சேமிப்பு, செயலியைப் பின்னணியில் கொன்றுவிடுகிறது. பாதி நேரம் அந்த அமைப்பை மாற்றுவதிலேயே போனது.

நவம்பர் 19, செவ்வாய்

செரியன் நகர் காசிமா அமெரிக்காவில் உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் அடித்திருக்கிறாள். பேட்டையே ஆட்டம் போடுகிறது. சர்வருக்கு இப்படி ஒரு சோதனையை நானே வைத்திருக்க முடியாது. வீடியோவாக வந்து கொட்டியும் ராஸ்பெர்ரி பை அசரவில்லை. வீட்டு இணைப்பின் அப்லோடு வேகம்தான் மூச்சு வாங்கியது. பெருசுகள் வழக்கம்போல 1991, 1995 உலக சாம்பியன் மரிய இருதயம் கதைக்குப் போய்விட்டார்கள்.

ஸ்னிக்கெட்டில் செய்தியும் கோப்பும் ஏழு நாளில் அழிவதுதான் இயல்பு அமைப்பு. மாற்றச் சொன்னார்கள், மாற்றவில்லை. வைத்துக்கொள்ள வேண்டியதை மாஸ்டர் தனியாக ஒரு பென் டிரைவில் போட்டுக்கொள்ளட்டும்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்றிரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது, சர்வரும் ரவுட்டரும் ஓடிக்கொண்டிருந்தன, தெருமுனை இணையப் பெட்டியில் கரண்ட் இல்லை. அறுபது பேருக்கும் சர்வர் காணாமல் போனது. பசங்க அனுப்பியதெல்லாம் அவரவர் போனில் காத்திருந்து, லைன் வந்ததும் வந்து சேர்ந்தது. அதற்குள் மாஸ்டர் வீடு வீடாக போன் போட்டு விசாரித்து முடித்துவிட்டார். புயல் நாளுக்கு இதை நம்பாதீர்கள் என்று குழுவின் மேலே எழுதி வைத்தேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

இன்று பேசியது சாவியைப் பற்றி. தனிப்பட்ட அரட்டைக்கு ஓமீமோ மறையாக்கம் உண்டு, அதை என்னால் படிக்க முடியாது. பொதுக்குழுவில் அதைப் போட்டால் புதுப் போன் வாங்கியவருக்குப் பழைய செய்தி திறக்காது. இங்கே மாதம் ஒரு போன் உடைகிறது. அதனால் பொதுக்குழு மறையாக்கம் இல்லாமலே இருக்கட்டும் என்று முடிவானது. அப்படியானால் நான் நினைத்தால் சர்வரில் எல்லாவற்றையும் பார்க்கலாம். இதைப் பெற்றோர் முன்னால் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பார்த்தா நீ இன்னா பண்ணுவன்னு எங்களுக்குத் தெரியும்ல" என்றார் அன்று சத்தம் போட்ட அந்த அப்பா. மிரட்டலா நம்பிக்கையா என்று தெரியவில்லை. இரண்டும் இருந்தால்தான் இந்த ஏற்பாடு ஓடும் என்று நினைக்கிறேன்.

அடுத்த கேள்வி இன்னும் சரியானது: "நீ ஊர்ல இல்லன்னா?" மன்றத்தில் கல்லூரி போகிற பிள்ளை ஒருத்தி, ஸ்ட்ரைக்கரில் அவளைப் பிடிக்க முடியாது. தூரத்திலிருந்தே சர்வருக்குள் நுழைய அவளுக்கு எஸ்.எஸ்.எச். சாவி கொடுத்தாயிற்று. பேக்கப் வட்டு மாஸ்டர் வீட்டுப் பீரோவில், அதன் கடவுச்சொல் ஒட்டிய உறையில் செயலாளரிடம். நான் இல்லாமல் அவள் முழுவதையும் மீட்டுக் காட்டும்வரை இதை மன்றத்தின் சர்வர் என்று சொல்ல மாட்டேன். அதுவரை இது என் வீட்டு சர்வர்தான்.

டிசம்பர் 15, ஞாயிறு

மீட்டுவிட்டாள். சர்வரின் பெயரை முகவரியோடு இணைக்கும் டி.என்.எஸ். ஒன்றில்தான் கொஞ்சம் திணறினாள்.

டிசம்பர் 22, ஞாயிறு

வியாசர்பாடி மன்றத்திலிருந்து வந்தார்கள். உங்கள் சர்வரிலேயே எங்களுக்கும் நாற்பது கணக்கு கொடுங்க அண்ணா என்றார்கள். முடியாது என்றேன், முகம் சுருங்கிவிட்டது. அவர்கள் பிள்ளைகள் யாரையும் எனக்குத் தெரியாது. அங்கே ஒரு சண்டை வந்தால் நான் யார் பக்கம் கேட்பது? தனியாக வையுங்கள், இரண்டு சர்வரும் 5269 போர்ட் வழியாகப் பேசிக்கொள்ளும், எங்கள் பசங்க உங்கள் அரட்டை அறைக்கு வரலாம், நீங்களும் வரலாம் என்று விளக்கினேன். அவர்களிடம் ஒரு பழைய லேப்டாப் கிடக்கிறது, அது தாராளம். நிறுவிக்கொடுக்க நம்ம பிள்ளையே போனாள்.

டிசம்பர் 29, ஞாயிறு

வியாசர்பாடி சர்வர் பேசுகிறது, புகாரும் வந்துவிட்டது. அவர்கள் செய்தியை முப்பது நாள் வைத்திருக்கிறார்கள். பொங்கல் போட்டிக்கான அறை அவர்கள் சர்வரில் இருப்பதால் எழுத்தெல்லாம் முப்பது நாள் நிற்கிறது. படம் மட்டும் ஏற்றியவரின் சர்வரில் தங்கும், மற்றவர்களுக்குப் போவது அதன் சுட்டிதான். "உங்க பசங்க படம் மட்டும் ஒரு வாரத்துல காணாம போவுதே அண்ணா" என்கிறார் அவர்கள் மாஸ்டர். எங்கள் பெற்றோரிடம் கேட்டேன். ஏழு நாளே இருக்கட்டும் என்றார்கள். போட்டி முடிவுத் தாளை மட்டும் அவர்கள் பக்கத்திலிருந்தே ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.