ஹிஸ்டமினை மூன்று தாள்களாகப் பிரித்துப் படிக்காதீர்கள்

எம்.ஃபார்ம் பகுப்பாய்வுப் பிரிவில் உயிர்வழி அமின்கள், அதாவது அமினோ அமிலங்களிலிருந்து உருவாகும் ஹிஸ்டமின் போன்ற சேர்மங்கள், ஒரே இடத்தில் வருவதில்லை. மருந்தியலில் ஹிஸ்டமின் ஏற்பிகளோடு வரும். உணவுப் பகுப்பாய்வில் கெட்ட மீனின் நச்சாக வரும். கருவிவழிப் பகுப்பாய்வில் எச்பிஎல்சி (உயர்திறன் திரவ நிறப்பிரிகை) செய்முறைக்கான பொருளாக மறுபடி வந்து நிற்கும். பலரும் இதை மூன்று நோட்டுகளில் எழுதி மூன்று முறை மனப்பாடம் செய்கிறார்கள். எனக்குக் கைகொடுத்தது வேறு வழி. ஒரு மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு, அது உருவாகும் இடத்திலிருந்து அளக்கப்படும் இடம் வரை விடாமல் பின்தொடர்ந்தேன். தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்கு அதையே சொல்கிறேன்.

முதலில் ஒரே ஒரு வினையைத் தெளிவாக எழுதப் பழகுங்கள். அமினோ அமிலத்திலிருந்து கார்பன் டைஆக்சைடு நீங்கினால் அமின் கிடைக்கிறது. நொதி டிகார்பாக்சிலேஸ், துணைநொதி பெரும்பாலும் பீரிடாக்சல் பாஸ்பேட். ஹிஸ்டிடினிலிருந்து ஹிஸ்டமின், டைரோசினிலிருந்து டைரமின், லைசினிலிருந்து கடாவரின், ஆர்னிதினிலிருந்து புட்ரெசின். இந்த நான்கு இணைகள் போதும். அமிலத் தொகுதி போய்விட்டதால் மிஞ்சிய மூலக்கூறு காரத்தன்மை கொண்டது என்பதைச் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். பின்னால் வரும் ஆய்வகக் கேள்விகளில் பாதிக்கு விடை அதில்தான் இருக்கிறது.

அடுத்து மீன். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகியவற்றின் தசையில் ஹிஸ்டிடின் தனித்த நிலையில் நிறைய இருக்கிறது. பிடித்தவுடன் பனிக்கட்டியில் வைக்காவிட்டால் மார்கனெல்லா மார்கனி போன்ற பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. மோந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவேதான் சட்டம் அளவைக் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி ஒரு சரக்குத் தொகுதியிலிருந்து 9 மாதிரிகள் எடுக்க வேண்டும். அவற்றில் 2 மட்டும் கிலோவுக்கு 100 முதல் 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஒன்றுகூட 200ஐத் தாண்டக் கூடாது. இந்த எண்களை எழுதினால் மட்டும் போதாது. ஒரே மீனில்கூட ஓரிடத்தில் அதிகமாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் ஹிஸ்டமின் இருக்கும், அதனால்தான் 9 மாதிரிகள் என்ற காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

மருந்தியல் பக்கம் வரலாறு சுருக்கமாகப் போதும்: 1910இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் டேலும் லெய்ட்லாவும் ஹிஸ்டமினின் செயல்களை விவரித்தது, ஹிஸ்டமினின் செயலைத் தடுக்கும் எதிர்ஹிஸ்டமின்களுக்காகவும் வேறு பணிகளுக்காகவும் 1957இல் போவேவுக்கு நோபல் பரிசு, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் சிமெடிடினின் பின்னணியில் இருந்த ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988இல் நோபல். கினிப்பன்றியின் குடல்துண்டை வைத்துச் செய்யும் அளவீட்டை ஜிப்மரில் உருவான எக்ஸ்ஃபார்ம் மென்பொருளில் செய்து பாருங்கள். மெபிரமின் என்ற எதிர்ஹிஸ்டமினைச் சேர்த்ததும், ஹிஸ்டமின் அளவுக்கேற்பக் குடல் சுருங்குவதைக் காட்டும் வளைவு வலப்பக்கம் நகர்வதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு, இரண்டும் ஒரே ஏற்பிக்காகப் போட்டியிடும் போட்டித் தடுப்பு மறக்காது.

நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம், உணவும் மருந்தும் மோதிக்கொள்ளும் இடம். டிரானில்சைப்ரமின் போன்ற மோனோஅமின் ஆக்சிடேஸ் (அமின்களைச் சிதைக்கும் நொதி) தடுப்பிகளை உட்கொண்டவர்கள் முதிர்ந்த பாலாடைக்கட்டி சாப்பிட்டபோது ரத்த அழுத்தம் திடீரென ஏறியதை 1963இல் லண்டனில் மருத்துவர் பிளாக்வெல் எடுத்துக்காட்டினார். குடலிலும் கல்லீரலிலும் சிதைந்திருக்க வேண்டிய டைரமின் தப்பி, நரம்பு முனைக்குள் புகுந்து, அங்கே சேமிப்பில் இருக்கும் நார்அட்ரினலினை வெளியே தள்ளுகிறது. இதோடு பாடநூல்கள் பெரும்பாலும் நிறுத்திக்கொள்கின்றன. நம் பகுதிக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. காசநோய்க்கு ஐசோனியசிட் உட்கொண்டவர்களுக்குச் சூரை மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலைவலியும் படபடப்பும் வந்ததை இலங்கை மருத்துவர் ஊரகொடவும் மருந்தியல் அறிஞர் கொத்தேகொடவும் 1977இல் எழுதினார்கள். ஹிஸ்டமினைச் சிதைக்கும் டைஅமின் ஆக்சிடேஸை ஐசோனியசிட் தடுக்கிறது. காசநோயும் மீன் குழம்பும் அன்றாடமாக இருக்கும் கடற்கரை ஊர்களில் இது வெறும் மதிப்பெண் விஷயம் அல்ல. மருந்துக்கடையில் நிற்கப்போகும் ஒவ்வொருவரும் நோயாளியிடம் இதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இனி ஆய்வகம். புட்ரெசினுக்கும் கடாவரினுக்கும் புற ஊதா ஒளியை உறிஞ்சும் அமைப்பே கிடையாது. ஹிஸ்டமினும் 210 நானோமீட்டர் அருகில்தான் உறிஞ்சும், அங்கே மீனின் மற்ற பொருட்களும் உறிஞ்சும். அதனால் வழிப்பொருளாக்கம், அதாவது அமினைக் கருவி காணக்கூடிய வேறு பொருளாக மாற்றுவது, தேவைப்படுகிறது. அரைத்த மீனை டிரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தில் கலக்கும்போது புரதம் வெள்ளையாகத் திரண்டு கீழே இறங்கும். அமின்கள் நேர்மின் அயனிகளாகி மேலே தெளிந்த நீரில் நிற்கும். அடுத்து அதையே காரமாக்குகிறோம். ஏன்? அமினோடு ஒட்டி அதைக் கருவிக்குத் தெரியவைக்கும் டான்சைல் குளோரைடு வினைபுரிய, அமினில் உள்ள நைட்ரஜனின் இணை எலக்ட்ரான்கள் கட்டற்று இருக்க வேண்டும். புரோட்டான் ஏறியிருந்தால் வினை நடக்காது. அமிலத்தில் பிரித்தெடுத்துக் காரத்தில் வினைபுரிய வைக்கும் இந்தத் திருப்பத்தை விளக்கத் தெரிந்தால் வாய்மொழித் தேர்வில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பரவலாகப் பின்பற்றப்படும் முறையில் இந்தக் கலவையை 40 டிகிரி செல்சியஸில் 45 நிமிடம், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். அலுமினியத் தாளால் குப்பியைச் சுற்றிவிடுங்கள். வினைப்பொருளைத் தாராளமாகவே சேர்க்க வேண்டும், ஏனென்றால் மீனிலுள்ள அமினோ அமிலங்களும் அதைத் தின்றுவிடும். உள்தரப் பொருளான (ஒப்பீட்டுக்காகத் தெரிந்த அளவில் சேர்க்கும்) 1,7-டைஅமினோஹெப்டேனைப் பிரித்தெடுப்பதற்கு முன்பே சேருங்கள். ஊசியில் ஏற்றும் நேரத்தில் சேர்த்தால் இடையில் ஏற்பட்ட இழப்பை அது ஈடுசெய்யாது. புட்ரெசினில் இரண்டு டான்சைல் ஒட்டிக்கொள்வதால் மூலக்கூறு எண்ணெய்ப் பசை கூடி, எண்ணெய்த் தன்மையுள்ள சி18 பிரிகைக் குழாயில் நன்றாகத் தங்கும். ஹிஸ்டமினை மட்டும் அளக்க வேண்டுமென்றால் ஆர்த்தோ-தாலால்டிஹைடு ஒளிர்வு முறை விரைவானது. அதையும் ஒப்பிட்டு எழுதுங்கள்.

பெரிய கேள்விக்கு விடை எழுதும்போது வினையில் தொடங்கி, மீன், உடல், அளவீடு என்று அதே வரிசையில் போங்கள். திருத்துபவருக்கு எங்கும் தடுமாற்றம் வராது. ஜிபாட் (எம்.ஃபார்ம் நுழைவுத் தேர்வு) போல தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கும் தேர்வுகளில் எச்1, எச்2 ஹிஸ்டமின் ஏற்பிகளைத் தடுக்கும் மருந்துகளின் பெயர்களையும், மோனோஅமின் ஆக்சிடேஸின் ஏ, பி வகைகளுக்கான தடுப்பிகளையும் குழப்பமில்லாமல் வைத்துக்கொள்வது அவசியம். மோக்ளோபெமைடு ஏ வகை, செலிஜிலின் குறைந்த அளவில் பி வகை.

செய்முறைத் தேர்வுக்குப் போகும்போது மீன் மாதிரியின் வரைபடத்தோடு வெற்று மாதிரியின் வரைபடத்தையும் கொண்டுபோங்கள். அமினே சேர்க்காத அதில் உயரமான உச்சி எப்படி வந்தது என்று கேட்பார்கள். மிஞ்சிய டான்சைல் குளோரைடைத் தீர்க்க நாம் சேர்த்த அம்மோனியா அதோடு வினைபுரிந்து டான்சைலமைடாகிறது. அந்த உச்சி அதனுடையது. அது ஹிஸ்டமின் உச்சியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதையும் அங்கேயே காட்டிவிடுங்கள்.